கடையின் அமைப்புக் கோப்பை ஆப்கான்ஃபிக்கில் வைப்பது எப்படி: சிங்கப்பூர்ச் சிறு கடைகளுக்கு ஒரு வழிகாட்டி

முறுக்குப் பொட்டலம் ஒன்று 5 வெள்ளி. பொருள் சேவை வரி 9 விழுக்காட்டையும் சேர்த்து 5 வெள்ளி 45 காசு என்று பலகையில் எழுதியிருந்தோம். பில் இயந்திரம் 9 வெள்ளி 50 காசு கேட்டது. தீபாவளிக்கு முந்தைய வாரம், வரிசை வாசலைத் தாண்டி ஐந்தடிப் பாதையில் நிற்கிறது. முன்னால் நின்ற அம்மா ஒருவர் பில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “தம்பி, முறுக்குக்கு வரியா, வரிக்கு முறுக்கா?” என்று கேட்டார். 0.09 என்று அடிக்கவேண்டிய இடத்தில் 0.9 என்று அடித்தவன் நான்தான்.

சிராங்கூன் சாலைப் பக்கம் உறவினர் நடத்தும் பலகாரக் கடைக்கு மூன்று கிளைகள், ஆறு பில் இயந்திரங்கள். விலை, வரி, கடை நேரம், விடுமுறை நாள் எல்லாம் ஒரே அமைப்புக் கோப்பில் இருக்கும். அதை வாட்ஸ்அப்பில் அனுப்பி, ஒவ்வொரு இயந்திரத்திலும் கையால் ஏற்றிக்கொண்டிருந்தோம். கோப்புகளின் பெயர்கள் ‘கடைசி’, ‘கடைசி புதியது’, ‘இதுதான் கடைசி’ என்று போகும். எந்தக் கிளையில் எது ஓடுகிறது என்று எவருக்கும் தெரியாது.

அமேசானின் மேகக்கணினிச் சேவைத் தொகுப்பான ஏடபிள்யூஎஸ்ஸில் ஆப்கான்ஃபிக் இதற்கென்றே இருக்கும் சேவை. அமைப்புக் கோப்பை அது தன்னிடம் வைத்துக்கொள்ளும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பதிப்பு எண் போடும். நீங்கள் சொன்ன விதிகளுக்குக் கோப்பு பொருந்துகிறதா என்று பார்த்த பிறகே வெளியே விடும். எனக்கு மூன்று வாரம் பிடித்தது. கீழே உள்ள வரிசையில் போனால் உங்களுக்கு இரண்டு மாலைப்பொழுது போதும். நிரல் எழுதத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

1. எது உள்ளே, எது வெளியே

மாறக்கூடிய, ஆனால் இரகசியமில்லாத விவரங்கள் மட்டும் உள்ளே போகட்டும். கடவுச்சொல், கட்டண இயந்திரத்தின் இரகசியக் குறியீடு போன்றவற்றுக்குச் சீக்ரெட்ஸ் மேனேஜர் என்ற தனிச் சேவை இருக்கிறது.

ஊழியர்களின் தொலைபேசி எண், அடையாள அட்டை எண் எதையும் இதில் எழுதாதீர்கள். நான் எழுதியிருந்தேன். பிறகு நீக்கினேன், ஆனால் புதிய பதிப்பிலிருந்துதான் அவை நீங்கின. பழைய பதிப்புகளில் அப்படியே கிடந்தன. பதிப்புகளைக் காத்துவைப்பதுதானே இந்தச் சேவையின் வேலை. தேவை முடிந்த தனிநபர் தகவலை வைத்திருக்கக்கூடாது என்று 2012ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. ஒவ்வொரு பழைய பதிப்பாகத் திறந்து அழிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

2. கணக்குத் தொடங்கத் தேவையானவை

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: கடையின் பொது மின்னஞ்சல் முகவரி, குறுஞ்செய்தி வரும் தொலைபேசி எண், கடையின் பதிவு முகவரி, விசா அல்லது மாஸ்டர்கார்டு. கடை பொருள் சேவை வரிக்குப் பதிந்திருந்தால் அந்தப் பதிவு எண்ணும் வேண்டும். கணக்குத் திறந்ததும் வரி அமைப்புப் பக்கத்தில் அதைப் பதிந்துவிடுங்கள்.

மின்னஞ்சல் விஷயத்தில் கவனம். பகுதிநேரமாக வேலை பார்க்கும் பையனின் சொந்த முகவரியில் கணக்கைத் திறந்தால், அவன் வேலையை விடும் நாளில் உங்கள் கடையின் சாவியும் அவனோடு போகும். கடை முகவரியில் திறந்து, முதன்மைக் கணக்குக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டுவிட்டு, அன்றாட வேலைக்குத் தனிப் பயனர்களை உருவாக்குங்கள்.

அட்டையைச் சோதிக்க 1 அமெரிக்க டாலர் அளவுக்குத் தற்காலிகமாகப் பிடித்துவைப்பார்கள், பிறகு அது விடுபடும். கணக்குப் பெரும்பாலும் சில நிமிடங்களில் திறந்துவிடும். சிலசமயம் 24 மணி நேரம் வரை ஆகும். ஆகவே அவசரத்துக்கு இரண்டு நாள் முன்பே தொடங்குங்கள்.

2025 ஜூலை 15 முதல் தொடங்கும் கணக்குகளுக்கு இலவசத் திட்டம், கட்டணத் திட்டம் என்று இரண்டு வழிகள் இருக்கின்றன. இலவசத் திட்டம் 6 மாதத்திலோ சலுகைத் தொகை தீர்ந்ததுமோ, எது முந்துகிறதோ அப்போது முடியும். அதற்குள் கட்டணத் திட்டத்துக்கு மாறாவிட்டால் கணக்கு மூடப்படும். பழகிப் பார்ப்பதற்கு இலவசம் நல்லது. கடையை அதன்மேல் ஓட்டப் போகிறீர்கள் என்றால் மாறவேண்டிய தேதியை நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிடுங்கள்.

3. வட்டாரத்தைச் சிங்கப்பூருக்கு மாற்றுங்கள்

ஏடபிள்யூஎஸ்ஸை இயக்கும் இணையப் பக்கமான கன்சோலின் மேல்பக்கம் வலது ஓரத்தில் வட்டாரப் பெயர், அதாவது உங்கள் கோப்பு இருக்கும் கணினிக் கூடங்களின் இடம், இருக்கும். அதை ‘ஏசியா பசிபிக், சிங்கப்பூர்’ என்று மாற்றிய பிறகே எதையும் தொடங்குங்கள். நான் முதல் நாள் உருவாக்கியதெல்லாம் மறுநாள் காணாமல் போயிற்று என்று அலறினேன். அது அமெரிக்க வட்டாரத்தில் பத்திரமாக இருந்தது.

4. சரிபார்ப்பு விதிகளை முதலில் எழுதுங்கள்

எல்லாரும் முதலில் கோப்பை ஏற்றுவார்கள், விதிகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். அந்தப் ‘பிறகு’ வருவதேயில்லை. வந்தாலும் என்னுடையதைப்போல் அரைகுறையாக வரும். 0.9 என்று நான் அடித்த அன்று ஆப்கான்ஃபிக்கில் சரிபார்ப்பு இருக்கத்தான் செய்தது. ‘வரி என்பது ஓர் எண்ணாக இருக்கவேண்டும்’ என்று விதி எழுதியிருந்தேன். 0.9 ஓர் எண்தானே, கதவு திறந்துவிட்டது.

ஆப்கான்ஃபிக் இரண்டு வகைச் சரிபார்ப்புகளை ஏற்கும். ஒன்று ஜேசன் ஸ்கீமா, அதாவது கோப்பின் வடிவத்தை விவரிக்கும் விதித்தாள். மற்றொன்று லாம்டா, அதாவது நீங்களே எழுதும் சிறு நிரல். ஒரு ப்ரொஃபைலுக்கு, அதாவது ஆப்கான்ஃபிக்கில் ஒரு கோப்புக்கான பதிவுக்கு, அதிகபட்சம் இரண்டு சரிபார்ப்புகள் வைக்கலாம்.

விதித்தாளில் நான் இப்போது வைத்திருப்பவை:

வரி விகிதம் விழுக்காட்டில், முழு எண்ணாக, 0 முதல் 15க்குள். இன்றைய 9 விழுக்காட்டை 9 என்று அடித்தால் மட்டும் போகும். 0.09, 0.9, 90 மூன்றும் வாசலிலேயே நிற்கும். பின்ன விழுக்காடு வந்தால் என்ன செய்வாய் என்று நண்பர் கேட்டார். 1994இல் 3 விழுக்காடாகத் தொடங்கிய வரி 4, 5, 7, 8 என ஏறி 2024 ஜனவரி 1 முதல் 9 ஆகியிருக்கிறது. இதுவரை பின்னம் வந்ததில்லை. வந்தால் அன்றைக்கு விதியைத் தளர்த்திக்கொள்கிறேன்.

விலை காசுக் கணக்கில், முழு எண்ணாக. 5 வெள்ளி என்பது 500. பூச்சியத்துக்குக் கீழே போகக்கூடாது, எங்கள் கடையில் 30,000 காசுக்கு மேலும் போகக்கூடாது.

அஞ்சல் குறியீடு எழுத்துச் சரமாக, சரியாக ஆறு இலக்கம். மரினா பே பக்கத்துக் குறியீடுகள் 01 என்று தொடங்கும். எண்ணாக வைத்தால் முன்னால் உள்ள பூச்சியம் கழன்றுவிடும்.

கட்டாயப் புலங்கள், அதாவது கோப்பில் இருந்தே தீரவேண்டிய விவரங்கள், எவை என்று ஒரு பட்டியல். அதோடு ‘கூடுதல் புலம் அனுமதி இல்லை’ என்ற விதி. இந்தக் கடைசி விதியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கட்டாயமில்லாத ‘தள்ளுபடி’ புலத்தை எழுத்துப்பிழையோடு அடித்தால், அது புதிய புலம் என்று நினைத்துச் சரிபார்ப்பு வழிவிடும். தள்ளுபடி கிடைக்காத வாடிக்கையாளர்தான் அந்தப் பிழையைக் கண்டுபிடிப்பார்.

ஒரு பொறியை இங்கே சொல்லவேண்டும். ஆப்கான்ஃபிக் ஏற்பது ஜேசன் ஸ்கீமாவின் 4ஆம் வரைவு. இணையத்தில் கிடைக்கும் எடுத்துக்காட்டுகள் பலவும் அதற்குப் பிந்திய வரைவுகளில் எழுதப்பட்டவை. ‘இப்படியிருந்தால் அப்படி’ என்ற நிபந்தனை விதி 7ஆம் வரைவில் வந்தது. ஒரே மதிப்பைக் கட்டாயமாக்கும் விதி 6ஆம் வரைவில் வந்தது. தனக்குத் தெரியாத விதியைப் பேசாமல் தாண்டிப்போவது ஜேசன் ஸ்கீமாவின் பொதுவான பழக்கம். நீங்கள் பூட்டு போட்டதாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள், அங்கே தாழ்ப்பாளே இருக்காது. அதனால் வேண்டுமென்றே தவறாக எழுதிய ஐந்தாறு கோப்புகளைத் தயாராக வைத்திருங்கள். விதியை மாற்றும்போதெல்லாம் அவற்றை ஏற்றிப் பார்த்து, எல்லாம் நிராகரிக்கப்படுகின்றனவா என்று பாருங்கள்.

விதித்தாளால் முடியாததை லாம்டா பார்க்கட்டும். அடைக்கும் நேரம் திறக்கும் நேரத்துக்குப் பிந்தியதா? ஞாயிற்றுக்கிழமையில் வரும் பொது விடுமுறைக்கு மறுநாள் திங்களும் பட்டியலில் இருக்கிறதா? 2026இல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிறு. ஆகவே 9ஆம் தேதியும் விடுமுறை. இதையெல்லாம் விதித்தாளில் எழுத முடியாது. லாம்டாவில் இரண்டு இடங்களில் கால் தடுக்கும். கோப்பு அதனிடம் பேஸ்64 என்ற குறியீட்டு வடிவில்தான் வந்துசேரும், பிரித்துத்தான் படிக்கவேண்டும். அதோடு, லாம்டாவை அழைக்கும் உரிமையை ஆப்கான்ஃபிக்குக்குத் தனியாகக் கொடுக்கவேண்டும்.

5. யாமல் வேண்டாம், ஜேசன் போதும்

கோப்பை எழுதும் வடிவங்களான ஜேசன், யாமல், வெறும் எழுத்து மூன்றையும் சேவை ஏற்கும். யாமல் பார்க்க அழகாக இருக்கும், நம்பாதீர்கள். யாமல் 1.1 விதிப்படி வாசிக்கும் நிரல்களுக்கு, மேற்கோள் குறியில்லாத 22:30 என்பது இரவு பத்தரை ஆகாது. அறுபதின் அடிமானத்தில் கணக்குப் போட்டு 1350 என்ற எண்ணாக எடுத்துக்கொள்ளும். காலை 09:30 பூச்சியத்தில் தொடங்குவதால் எழுத்தாகவே தப்பித்துவிடும். திறக்கும் நேரம் சரி, அடைக்கும் நேரம் மட்டும் பேய்க்கணக்கு. ஒருநாள் முழுவதும் இதைத் தேடினேன்.

பண்டங்களின் பெயர்களைத் தமிழில் வைக்கலாம், தடையில்லை. அளவை மட்டும் நினைவில் கொள்ளுங்கள். யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டில் ‘இட்லி’ என்ற சொல் 15 பைட். நிரல் அதை யூனிகோடு எண்களாக மாற்றி எழுதினால் 30 பைட். ஆப்கான்ஃபிக்கின் சொந்தச் சேமிப்பில் இடம் தாராளம், ஒரு பலகாரக் கடையால் அதை நிரப்ப முடியாது. கோப்பை அதற்குப் பதிலாகப் பாராமீட்டர் ஸ்டோர் என்ற மற்றொரு ஏடபிள்யூஎஸ் சேமிப்பில் வைப்பவர்களுக்குத்தான் இடிக்கும். அங்கே சாதாரண வகையின் வரம்பு 4 கேபி.

6. உருவாக்கும் வரிசை

முதலில் அப்ளிகேஷன், அதாவது மற்றவை எல்லாவற்றையும் அடக்கும் பெட்டி. பிறகு இரண்டு சூழல்கள்: ஒன்று சோதனைக்கு, ஒன்று கடைக்கு. பிறகு ப்ரொஃபைல். அதில் ‘ஃப்ரீஃபார்ம்’ வகையையும், சேமிப்பிடமாக ஆப்கான்ஃபிக்கின் சொந்தச் சேமிப்பையும் தேர்ந்தெடுத்து, 4ஆம் படியில் எழுதிய விதிகளை ஒட்டுங்கள். கடைசியாகக் கோப்பு. அது பதிப்பு 1 ஆகும்.

சேமித்த உடனே எல்லாம் சரிபார்க்கப்பட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். உங்கள் விதிகள் ஓடுவது வெளியீட்டைத் தொடங்கும்போதுதான், அல்லது ‘சரிபார்’ என்று நீங்களே கேட்கும்போது. வெள்ளிக்கிழமை மாலை சேமித்துவிட்டு நிம்மதியாகப் போய், சனிக்கிழமை காலை கடை திறக்கும் நேரத்தில் வெளியிடப் பார்த்து மாட்டிக்கொண்டவன் சொல்கிறேன், சேமித்த கையோடு சரிபார்த்துவிடுங்கள்.

இருவர் ஒரே நேரத்தில் திருத்துவதாக இருந்தால், புதிய பதிப்பை ஏற்றும் நிரலில் ‘நான் பார்த்த கடைசிப் பதிப்பு இது’ என்று எண்ணைச் சேர்த்து அனுப்பும் வசதி உண்டு. இடையில் வேறொருவர் ஏற்றியிருந்தால் உங்களுடையதை ஏற்காது. அண்ணன் ஏற்றிய அதிரசம் விலையைத் தம்பியின் பதிப்பு அழித்துவிடாமல் இருக்க இதுவே வழி.

7. வெளியீடு: நேரக் கணக்கு இங்கேதான்

தயார்நிலையில் சில வெளியீட்டு முறைகள் இருக்கின்றன. ‘ஆல் அட் ஒன்ஸ்’ எல்லா இயந்திரங்களுக்கும் ஒரே நேரத்தில் தந்துவிட்டு 10 நிமிடம் கண்காணிக்கும். ‘லீனியர்’ வகையில் ஒன்று ஆறு நிமிடத்துக்கு ஒருமுறை 20 விழுக்காடாக அரை மணி நேரம் பரப்பி, இன்னும் அரை மணி நேரம் கண்காணிக்கும். ‘கேனரி’ முதலில் 10 விழுக்காட்டில் தொடங்கி 20 நிமிடத்தில் விரியும்.

பெரிய நிறுவனங்களுக்குக் கேனரி சரி. ஆறு இயந்திரத்தில் 10 விழுக்காடு என்றால் முக்கால் இயந்திரம்கூடத் தேறாது. தவிர, தேக்கா கிளையில் ஒரு விலை, ஈசூன் கிளையில் ஒரு விலை என்று அரை மணி நேரம் ஓடினால் யார் சண்டை போடுவது? சோதனைச் சூழலில் ஓர் இயந்திரத்தில் பார்த்துவிட்டு, கடைச் சூழலில் ‘ஆல் அட் ஒன்ஸ்’ போடுங்கள்.

அந்த 10 நிமிடக் கண்காணிப்பு முடியும்வரை வெளியீடு முடிந்ததாகாது. ஒரு சூழலில் ஒரு நேரத்தில் ஒரு வெளியீடுதான் நடக்கும். பிழையைக் கண்டு அவசரமாக அடுத்த பதிப்பை அனுப்பப் பார்த்தால் அனுமதிக்காது. நடப்பதை நிறுத்தவேண்டும். நிறுத்தினால் பழைய பதிப்புக்கே திரும்பும், பெரும்பாலும் உங்களுக்கு வேண்டியதும் அதுதான். கடை திறப்பதற்கு முன் அரை மணி நேரமாவது வைத்துக்கொண்டு வெளியிடுங்கள்.

வரி மாறும் நாளில் நள்ளிரவு விழித்திருந்து பொத்தானை அழுத்தத் திட்டமிடாதீர்கள். கோப்பிலேயே ‘இந்தத் தேதி முதல் இந்த விகிதம்’ என்று பழைய விகிதம், புதிய விகிதம் இரண்டையும் எழுதி ஒரு வாரம் முன்பே அனுப்பிவிடுங்கள், இயந்திரம் தேதியைப் பார்த்து எடுத்துக்கொள்ளட்டும். தேதியை எழுதும்போது நேர வேறுபாட்டையும் சேர்த்து எழுதுங்கள். சிங்கப்பூரில் ஜனவரி 1 பிறக்கும்போது யூடிசி எனும் உலகப் பொது நேரக் கணக்கில் டிசம்பர் 31 மாலை 4 மணி. இதை மறந்தால் புத்தாண்டுக் காலை 8 மணிவரை பழைய வரியில் பில் போடுவீர்கள்.

8. பில் இயந்திரம் கோப்பை வாங்கும் விதம்

இயந்திரங்களுக்கு வாசிக்கும் உரிமை மட்டும் கொடுங்கள்: அமர்வைத் தொடங்க ஒன்று, புதிய கோப்பைப் பெற ஒன்று. எழுதும் உரிமை கல்லாப்பெட்டிக்கு எதற்கு?

நேரடியாகச் சேவையை அழைக்கும் நிரல் எழுதினால், முதலில் அமர்வைத் தொடங்கி ஒரு சீட்டு வாங்கவேண்டும். ஒவ்வொரு முறை கேட்கும்போதும் பதிலோடு அடுத்த சீட்டு வரும். ஒரு சீட்டை ஒருமுறைதான் பயன்படுத்தலாம், 24 மணி நேரத்துக்குமேல் அது செல்லாது. கோப்பு மாறவில்லை என்றால் பதில் வெறுமையாக வரும். வெறுமை என்றால் ‘கையில் இருப்பதையே வைத்துக்கொள்’ என்று பொருள். என் நிரல் அதைக் ‘கோப்பு இல்லை’ என்று எடுத்துக்கொண்டு, விலைப்பட்டியலைத் துடைத்துவிட்டு உட்கார்ந்திருந்தது.

இந்தத் தொல்லை வேண்டாம் என்றால் ஆப்கான்ஃபிக் முகவர் நிரலை இயந்திரத்தில் நிறுவுங்கள். அது 45 வினாடிக்கு ஒருமுறை தானே பார்த்துக்கொள்ளும். உங்கள் நிரல் அதே இயந்திரத்தின் 2772ஆம் போர்ட்டில் கேட்டால் போதும். எதுவானாலும், கடைசியாக வந்த நல்ல கோப்பை வட்டில் சேமித்து வையுங்கள். இணையம் அறுந்தாலும் வடை விற்கவேண்டும்.

9. செலவு

கேட்கும் ஒவ்வொரு 10 இலட்சம் முறைக்கும் 0.20 அமெரிக்க டாலர். உள்ளடக்கத்தோடு கோப்பு வந்துசேரும் ஒவ்வொரு முறைக்கும் 0.0008 டாலர். இதன்மேல் பொருள் சேவை வரியும் பில்லில் ஏறும்.

எங்கள் கணக்கு: ஆறு இயந்திரங்கள், நாளுக்கு 14 மணி நேரம், 45 வினாடிக்கு ஒருமுறை. மாதத்துக்கு 201,600 முறை கேட்கின்றன, அதற்கு 4 சென்ட். தினமும் காலையில் இயந்திரத்தைப் போடும்போது ஒருமுறை கோப்பு முழுதாக வரும்: 180 முறை, 14 சென்ட். மாதத்தில் பத்து மாற்றங்கள் என்றால் 60 முறை, 5 சென்ட். ஆக மொத்தம் கால் டாலர்கூட ஆகவில்லை.

இதே இடத்தில் ஒரு குழியும் உண்டு. ஒவ்வொரு பில்லுக்கும் புது அமர்வு தொடங்கும்படி நிரல் எழுதினால், ஒவ்வொரு முறையும் கோப்பு முழுதாக வந்துசேரும். இயந்திரத்துக்கு நாளொன்றுக்கு 300 பில் என்றால் மாதத்துக்கு 54,000 முறை, 43 டாலர் 20 சென்ட். என் முதல் நிரல் இதைத்தான் செய்தது. 5 டாலரில் எச்சரிக்கை வரும்படி பட்ஜெட் அமைத்திருந்ததால் நான்காம் நாளே தெரிந்தது. நீங்களும் முதல் நாளே அதை அமைத்துவிடுங்கள்.

10. பின்வாங்கும் வழியை முன்பே சோதியுங்கள்

பழைய பதிப்புக்குத் திரும்ப அந்த எண்ணைத் தேர்ந்தெடுத்து மீண்டும் வெளியிடவேண்டும். அப்போது அது இன்றைய விதிகளின்படி சரிபார்க்கப்படும். இதை நான் எதிர்பார்க்கவில்லை. விதித்தாளில் புதிதாக ஒரு கட்டாயப் புலத்தைச் சேர்த்திருந்தேன், பழைய பதிப்புகள் எதிலும் அந்தப் புலம் இல்லை. திரும்பிப் போகப் பார்த்தால் வந்த வழியெல்லாம் அடைபட்டிருந்தது. அதனால் புதிய புலத்தை முதலில் கட்டாயமில்லாததாகச் சேருங்கள். அந்தப் புலத்தோடு நாலைந்து பதிப்புகள் நல்லபடியாக ஓடிய பிறகு கட்டாயமாக்குங்கள்.

இன்னொரு சின்ன வேலை, பத்து நிமிடம்தான். கோப்பைத் தரும்போது முகவர் அதன் பதிப்பு எண்ணையும் சொல்லும். அந்த எண்ணைப் பில்லின் அடியில் சிறிய எழுத்தில் அச்சிடுங்கள். இப்போது கிளையிலிருந்து “விலை தப்பாக வருகிறது” என்று யார் அழைத்தாலும், எந்தக் கோப்பு, யார் அனுப்பியது என்று நான் விசாரிப்பதில்லை. பில்லின் கடைசி வரியில் என்ன எண் இருக்கிறது என்று மட்டும் கேட்கிறேன்.